ஹைதம் வீட்டுத் தண்ணீர்ச் சத்தம்

ஜிப்சம் கூரையில் ஸ்பீக்கருக்கு ஓட்டை போடும்போது வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிற்கவிடக் கூடாது. தூசி கண்ணில் விழும் என்பது ஒரு காரணம். ஓட்டையைப் பார்த்துவிட்டவர் அப்புறம் பாட்டைக் கேட்கமாட்டார், அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார் என்பது இன்னொன்று. இருபத்தாறு வருடமாக அம்மான் நகரத்தில் இந்த வேலைதான் செய்கிறேன், அபூ காலிப். குடும்பத்துக்குப் பெரியவர், நீங்களே படியேறி வந்து கேட்கிறீர்கள். அதனால் எதையும் மறைக்காமல் சொல்கிறேன். மறைக்கும்படி ஒன்றும் இல்லை என்பதும் உங்களுக்கே தெரியும்.

என் தங்கை ருதைனாவுக்கு நாற்பத்தேழு வயது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். அப்பாவும் அம்மாவும் போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அவளுக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை. அவள் என்ன சமைத்தாலும் சாப்பிடுவேன். உப்பு குறைந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டேன், முகத்தில் மட்டும் காட்டுவேன்.

போன வசந்தத்தில் ஹைதம் அவளைப் பெண் கேட்டு வந்தார். நில அளவை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், எப்போதும் சிரித்த முகம். அவரைப் பற்றிக் குறை சொல்ல என்னால் முடியாது. தேடிப் பார்த்துவிட்டேன். மோதிரம் மாற்றிய அன்று, கல்யாணப் பரிசாக அவர் வரவேற்பறையில் ஸ்பீக்கர் பொருத்தித் தருகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன்.

“மச்சான், செவுத்துல பெட்டி பெட்டியாத் தொங்க வேணாம். இருக்கிறதே கண்ணுக்குத் தெரியக் கூடாது,” என்றார் ஹைதம்.

தெரியக் கூடாது என்று கேட்டது அவர்தான். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் வீட்டுப் பொய்க்கூரைக்கு மேலே ஏ.சி. குழாய் போகிறது. நான்கு விரல் இடைவெளிதான். சாதாரண ஸ்பீக்கர் அதில் ஏறாது. இதற்கென்றே மெலிந்த வகை ஒன்று இருக்கிறது, தட்டைக் கவிழ்த்த மாதிரி. ஓட்டைக்குள் தள்ளி ஸ்க்ரூவை முடுக்கினால் உள்ளே நான்கு பிடிகள் விரிந்து கூரைப் பலகையைக் கவ்விக்கொள்ளும். மேலே இருக்கும் வெற்றிடமே அதற்குப் பெட்டி. காந்தத்தில் ஒட்டும் மூடிக்குக் கூரையின் வெள்ளையையே அடித்துவிட்டால் பல்லிக்குக்கூட வித்தியாசம் தெரியாது. உள்ளே இருக்கும் பெரிய கூம்பு கனத்த ஓசைக்கு. அது அறை முழுக்கப் பரவும். நடுவில் பொத்தான் அளவில் இருப்பது கூர்மையான ஓசைக்கு. அது டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போய் ஓரிடத்தில் விழும். விரலால் சாய்த்து எந்தப் பக்கமும் திருப்பலாம்.

நான்கு ஸ்பீக்கர் பொருத்தினேன். மூன்றை அறையின் நடுவுக்குத் திருப்பினேன். நான்காவதை ஹைதம் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு. மரியாதைக்காக.

பிறகு எங்கள் சமையலறைக் குழாயில் தண்ணீர் சொட்டுவதைப் பதிவு செய்தேன். பதினொரு விநாடிக்கு ஒரு சொட்டு. கனத்த ஓசையை வடிகட்டிவிட்டு, அந்த ‘டொக்’கை மட்டும் நான்காவது ஸ்பீக்கருக்கு என் கைபேசியில் இருந்தே அனுப்பினேன். வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீர் வரும் ஊரில், மாடித் தொட்டியை நம்பி வாழ்கிற மனிதருக்கு அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வாரம் ஹைதம் தொட்டியை மாற்றினார். இரண்டாவது வாரம் குளியலறைச் சுவரை உடைத்தார். வந்த பிளம்பர் நல்ல மனிதர், ஒழுக்கு ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார். ஹைதம் அவரை அனுப்பிவிட்டு வேறொருவரைக் கூப்பிட்டுச் சமையலறைச் சுவரையும் உடைத்தார். ருதைனா எதிர் சோபாவில் உட்கார்ந்து எவ்வளவு கூர்ந்து கேட்டும் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. காது டாக்டர் சோதித்துவிட்டு, அறுபது வயதில் இப்படிப்பட்ட காது அபூர்வம் என்று பாராட்டினார். அதற்கு அடுத்த டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். மாத்திரையால் ஆள் பாதியாகிவிட்டார். சிரிப்பதை எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை தேநீர் ஊற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். “மச்சான், நீயாவது உண்மையச் சொல்லு. ஒனக்குக் கேக்கலயா?”

இல்லை என்றேன். அது பொய் அல்ல. நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் அவரே ருதைனாவிடம், புத்தி பேதலித்தவனைக் கட்டிக்கொண்டு நீ சீரழிய வேண்டாம், மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று அழுதிருக்கிறார். அவள் திருப்பிக் கொடுக்கத்தான் போனாள். அன்று செவ்வாய்க்கிழமை, அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும் நாள். செவ்வாய்தோறும் சத்தம் தானாகவே ஓடும்படி வைத்திருந்தேன். எனக்கும் வேலை வெட்டி இருக்கிறது அல்லவா. ஹைதம் தரையில் காதை வைத்துக் குப்புறப் படுத்திருக்க, அவருக்காகக் காத்திருந்தவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

வேதியியல் டீச்சர், அவசரப்பட மாட்டாள். நாற்காலியை ஓரடி நகர்த்தியிருக்கிறாள், சத்தம் மங்கிவிட்டது. பழைய இடத்துக்கு இழுத்திருக்கிறாள், மறுபடி கேட்டது. ஏணி போட்டு ஏறி நான்கு மூடிகளையும் நகத்தால் நெம்பி எடுத்திருக்கிறாள். இறங்கிவந்து அரை மணி நேரம் உட்கார்ந்து முழுப் பதிவையும் கேட்டிருக்கிறாள். அதன்பிறகுதான் எனக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, நாலுல ஒண்ணு மட்டும் ஏன் நாற்காலியப் பாக்குது?”

“அப்படித்தான் மாட்டுவாங்க,” என்றேன்.

“சரி. நம்ம வீட்டுக் கொழா ஏன் அதுக்குள்ள சொட்டுது? நடுவுல நீ இருமுறியே, அது எதுக்கு?”

போனை வைத்துவிட்டேன். பதிவைச் சுத்தம் செய்யாமல் விட்டது தொழிலில் என் தவறு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வியாழனே அவர்கள் கல்யாணம் முடிந்துவிட்டது. உடைந்த சுவர்களுக்கு நடுவே ஆட்டுக்கறி மன்சஃப் பரிமாறினார்களாம், ஹைதம் இரண்டு தட்டு சாப்பிட்டாராம். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. நீங்கள் இருந்தீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆமாம், அபூ காலிப், எல்லாம் நான் செய்ததுதான். அந்த மனிதர் தன் புத்தியையே சந்தேகப்படும்வரை செய்தேன். ஆனால் யாருக்காகச் செய்தேன் என்பதையும் நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். நாற்பத்தேழு வயதில் இன்னொருவர் வீட்டில் போய் எல்லாவற்றையும் முதலில் இருந்து பழகுவது அவளுக்கு எவ்வளவு கஷ்டம். எனக்கென்று நான் எதையும் கேட்டவனில்லை. மன்னிப்புக் கேட்கச் சொன்னால் இருவரிடமும் கேட்கிறேன்.

நீங்கள் அங்கே போகும்போது அவளிடம் ஒன்றை மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள். வாஷிங் மெஷினில் வெள்ளைத் துணிக்கு எந்தப் பொத்தான்?