துறைமுக வாயிலில் ஆட்டிய சிவப்பு விளக்கு

துறைமுகக் காவல் நிலையத்தில் ஆய்வாளர் கேட்க நான் சொல்லி, அவர் எழுதிக்கொண்ட வாக்குமூலம்.

நான் வயது அறுபத்திரண்டு ஆன பெண். ரயில்வேயில் கேட் கீப்பராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என் கேட் வழியாக ரயில் ஓட்டிய டிரைவர்களில் ஒருவர் மட்டும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. அவரைத்தான் கட்டிக்கொண்டேன். முகவரி கேட்கப்பட்டது. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டதால் தற்சமயம் என் முகவரி, இந்தத் துறைமுகத்தின் மூன்றாவது படகுத்துறையில் கட்டிப்போட்டிருக்கும் நீல நிறப் படகு. முகவரியாகப் படகை எழுத முடியாது என்று ஆய்வாளர் சொன்னார். வேறு முகவரி எங்களுக்கு இல்லாததால் அப்படியே எழுதப்பட்டது.

என் கணவர் ரயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓட்டிய வண்டி கடலோரமாகவே போய் ஒரு ஊரில் நின்றுவிடும். அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. கரை மட்டும் தெற்கே போய்க்கொண்டே இருக்கும். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிற ஒவ்வொரு முறையும் அவர் அந்தப் பக்கம் பார்ப்பாராம். “தண்டவாளம் முடிஞ்சிடுச்சு, கரை முடியலையே” என்று வீட்டுக்கு வந்து சொல்வார். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய மீன்பிடிப் படகை வாங்கி, ஓட்டையெல்லாம் அடைத்து, உள்ளே இரண்டு பேர் படுக்க ஓர் அறையும் சமைக்க ஓர் அடுப்பும் வைத்தார். படகு ஓட்டும் உரிமத்துக்கான பரீட்சையில் இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை தேறினார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த உரிமத்தைக் கண்ணாடி போட்டுச் சுக்கானுக்கு மேலே மாட்டியிருக்கிறார். சுக்கான் என்பது படகைத் திருப்பும் சக்கரம்; ஆய்வாளருக்குத் தெரியும், வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

குளிர்காலத்தில் ஏன் கிளம்பினீர்கள் என்று கேட்கப்பட்டது. எங்கள் வேலையில் குளிர்காலம் என்றால் மூடுபனி, தாமத வண்டி, கூடுதல் டியூட்டி. ஒரு குளிர்காலத்திலும் லீவு கிடைத்ததில்லை. அதோடு இந்தக் கரையில் கடல் சாதுவாகக் கிடப்பதும் இந்த மாதங்களில்தான். ஆகவே கரையைக் கண்ணிலிருந்து விடாமல், ஒவ்வொரு துறைமுகமாக நின்று ஊரைப் பார்த்துக்கொண்டு, கரை முடிகிற இடம் வரை போவது என்று முடிவு செய்தோம். வழியில் கலங்கரை விளக்கம் இருந்தால் ஏறுவோம். கடைத்தெரு இருந்தால் கால் வலிக்கும் வரை சுற்றுவோம். ஓர் ஊரில் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் அதன் விலா எலும்புக்குள் போய் நின்றுகொண்டு, “இது மூணாவது கோச்சு, டிக்கெட் எடுத்தவங்க மட்டும் ஏறலாம்” என்றார். முப்பது வருடக் குடித்தனத்தில் அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. (இது வழக்குக்குத் தேவையில்லை என்று ஆய்வாளர் சொன்னார். தேவை என்று நான் சொன்னதால் எழுதப்பட்டது.)

தேவை என்றதற்குக் காரணம் உண்டு. எங்கள் மகள் பெருநகரத்தில் பன்னிரண்டாவது மாடியில் குடியிருக்கிறாள். “ஏதாவது ஒரு பிரச்சனை வந்தா படகை வித்துட்டு இங்க வந்துடணும்” என்ற நிபந்தனையின் பேரில்தான் எங்களை அனுப்பினாள். அவள் கெட்டவள் அல்ல. எங்களுக்கென்று ஓர் அறையை ஒழித்து, கட்டிலும் போட்டு வைத்திருக்கிறாள். அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஏசிப் பெட்டி தெரியும். என் கணவரின் உரிமம் ரத்தானால் அவர் மிச்சக் காலம் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். ஆகவே இனி நான் சொல்வதை ஒரு வார்த்தையும் மாற்றாமல் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

சம்பவத்தன்று காலை வெயில் நன்றாக இருந்தது. நங்கூரத்தை இழுக்கும்போது என் கணவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. “நான் இழுக்கறேன், விடுங்க” என்று முன்பே சொன்னேன். கேட்கவில்லை. அதன் பிறகு அவரை உள்ளே படுக்கவைத்து, தைலம் தேய்த்துவிட்டு, சுக்கானை நான் பிடித்தேன். உரிமம் உள்ளவர் படகில் இருந்தால் மற்றவர் ஓட்டலாம் என்பதை அவரே எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். படுத்தபடியே அவர் “வேகத்தக் குறைம்மா, வளைவு வருது” என்று சொல்லிக்கொண்டு வந்தார். கடலில் ஏது வளைவு என்று நான் கேட்கவில்லை, பாவம் வலியில் இருக்கிற மனிதர்.

அதன் பிறகு இந்தத் துறைமுகத்தை நெருங்கும்போது திடீரென்று மூடுபனி இறங்கியது. வாயிலுக்குச் சற்று வெளியே, மணல்திட்டு ஒரு பக்கமாக நெருக்கி வழி குறுகுகிற இடத்தில், ஒரு சின்ன மீன்பிடிப் படகு குறுக்கே நிற்பதைப் பார்த்தேன். அதில் அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் வலையே அவர்கள் என்ஜினில் சுற்றிக்கொண்டுவிட்டது. அண்ணன் தண்ணீரில் இறங்கிக் கத்தியால் வலையை அறுத்துக்கொண்டிருந்தார். தம்பி என்னைப் பார்த்து, “அக்கா, ஒரு கயிறு குடுங்க, கொஞ்சம் இழுத்து விடுங்க” என்றார். முன்பின் தெரியாதவரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார், என் ஜாதகம் அப்படி. அதன் பிறகு நான் படகை நிறுத்தி, கயிற்றை எறிந்து, இரண்டு படகையும் சேர்த்துக் கட்டினேன். இப்போது அந்த வழி முழுக்க நாங்கள்தான் இருந்தோம்.

அதன் பிறகு எனக்குப் பின்னால், கடல் பக்கமிருந்து, ஒரு நீளமான ஹாரன் சத்தம் கேட்டது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு திரும்பிவந்த கப்பல் அது. பனியில் எதுவும் தெரியவில்லை. சத்தம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. அண்ணன் இன்னும் தண்ணீரில்தான் இருந்தார். செத்துவிடுவோம் என்றே பயந்தேன், சும்மா சொல்லவில்லை.

எங்கள் படகிலும் ஹாரன் இருக்கிறது, சுக்கானுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதை ஏன் அடிக்கவில்லை என்று ஆய்வாளர் கேட்டார். அடித்திருக்க வேண்டும். தோன்றவே இல்லை. என் வேலைக்காலம் முழுவதும் ஹாரன் அடிப்பது டிரைவரின் வேலை, விளக்குக் காட்டுவது என் வேலை. வழியில் தடை இருக்கும்போது ஹாரன் கேட்டால், சிவப்பு விளக்கை எடுத்துக்கொண்டு வண்டி வருகிற திசையில் ஓட வேண்டும், குறுக்காக ஆட்ட வேண்டும். பழக்கம் கொடிது, பாறையிலும் கோழி சீய்க்கும் என்பார்கள். நான் அடுப்புக்கு மேலே தொங்கிய கை விளக்கை எடுத்தேன், படகின் பின்பக்கம் ஓடினேன், சிவப்பைத் திருப்பிவைத்து என் பலம் கொண்ட மட்டும் ஆட்டினேன். அந்த விளக்கு ரயில்வே சொத்து அல்ல. ஓய்வு பெறும்போது உடன் வேலை பார்த்தவர்கள் அதே மாதிரி ஒன்றைப் புதிதாக வாங்கிப் பரிசாகக் கொடுத்தார்கள்.

அதன் பிறகு கப்பல் பனியிலிருந்து வெளியே வந்தது. எங்கள் மேல் மோதாமல் ஒதுங்கித் திரும்பி, மணல்திட்டில் ஏறி உட்கார்ந்தது. யாருக்கும் காயமில்லை. தண்ணீர் ஏறும் வரை பயணிகள் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. சிலர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். கப்பல் தலைவர் அசைக்கவில்லை. கடலில் சிவப்பு விளக்குக்கு நில் என்று அர்த்தமில்லை, அது ஒரு படகின் எந்தப் பக்கம் எது என்று காட்டுவது, அதைப் பிடித்து ஆட்டுவது தவறான சமிக்ஞை என்பது அவருடைய புகார். புகார் நியாயமானது. பரீட்சை எழுதியவர் என் கணவர், நான் எழுதவில்லை.

அதன் பிறகு காவல் படகு வந்தது. விளக்கைக் காட்டியது யார் என்று கேட்டார்கள். அப்போது என் கணவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் தவழ்ந்து மேலே வந்து, “நான்தான் சார் காட்டுனேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். எழுந்து நிற்க முடியாத மனிதர் பின்பக்கம் ஓடி விளக்கை ஆட்டினாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. நான் மறுத்துப் பேசுவதற்குள் அவர் பெயரில் எழுதிக்கொண்டார்கள், உரிமத்தையும் விளக்கையும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அவர் மேல் வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. எனக்குத் தண்டனை வந்துவிடும் என்று பயந்து, தன் உயிருக்குச் சமமானதைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

இன்று காலை இங்கே பெஞ்சில் காத்திருந்தபோது கப்பல் தலைவர் என்னிடம் வந்து பேசினார். “கடல்ல யாரும் லைட்ட இப்பிடி ஆட்ட மாட்டாங்கம்மா” என்றார். “அதனாலதான் உங்க கண்ணுல பட்டுச்சு” என்றேன். பிறகு அவர், தண்ணீரில் இருந்தவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார், வலைதான் வீணாகிவிட்டது என்று சொன்னேன்.

ஆகவே விளக்கைக் காட்டியது நான். என் கணவர் அப்போது உள்ளே மல்லாந்து படுத்திருந்தார். எனக்கு என்ன தண்டனை என்று நான் கேட்கவில்லை. என்னவாக இருந்தாலும் அது என்னுடையது, அவருடைய உரிமத்தைச் சேர்ந்ததல்ல.

இதற்குச் சாட்சி உண்டா என்று ஆய்வாளர் கேட்டார். அந்த அண்ணனும் தம்பியும் சொல்வார்கள் என்றேன். அதன் பிறகு ஆய்வாளர் மேஜை இழுப்பறையிலிருந்து விளக்கை எடுத்து என் முன்னால் வைத்து, எரியவைத்துக் காட்டச் சொன்னார். கைப்பிடிக்கு அடியில் இருக்கிற பொத்தானை அழுத்திக்கொண்டே தலையைத் திருகினால்தான் அது எரியும். திருகினேன், எரிந்தது. நேற்று என் கணவரிடம் இதே விளக்கைக் கொடுத்ததாகவும், அவர் வெகுநேரம் முட்டிமோதிவிட்டு, பேட்டரி தீர்ந்திருக்கும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்ததாகவும் ஆய்வாளர் அப்போதுதான் சொன்னார். அவரால் முடியாதுதான். படகிலும் அதைத் தொட நான் விட்டதில்லை. இந்த மாதிரி விளக்கை அவர் வேலைக்காலம் முழுவதும் எதிர்ப்பக்கத்திலிருந்து, என்ஜினுக்குள் இருந்துதான் பார்த்திருக்கிறார்.

ஒரே ஒரு தடவை அவர் வண்டிக்கு நான் சிவப்பு காட்டியிருக்கிறேன். அன்றைக்கும் மூடுபனி. கேட்டுக்கு நடுவில் ஒரு லாரி அச்சு முறிந்து நின்றது. அவர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, “இவ்ளோ தூரம் ஓடி வந்தீங்களா?” என்று கேட்டார். அதுதான் நாங்கள் பேசிய முதல் பேச்சு. அதன் பிறகு ஓய்வு பெறும் வரை அவருக்குப் பச்சைதான் காட்டினேன்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கை தானாகப் பச்சையைத் திருகிவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். அதன் பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யார் சொல்லியும் இதை நான் சொல்லவில்லை. என் கணவர் சொல்லாதே என்று சொல்லியும் சொன்னேன்.

(கையொப்பம்) கேட்டக்கா

பதிவு செய்தவர் குறிப்பு: மீனவர் இருவரும் மேற்கண்டவாறே கூறியுள்ளனர். ஆபத்தில் இருந்தவருக்கு உதவும் நோக்கில் செய்யப்பட்டதால் வாக்குமூலம் கொடுத்தவர் வாய்மொழியாக எச்சரிக்கப்பட்டார். கப்பல் தலைவர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். உரிமமும் விளக்கும் இன்றே ஒப்படைக்கப்பட்டன. அடுத்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, கரை முடிகிற இடத்துக்கு என்று இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். போகும் வழியில் ஹாரனை யார் அடிப்பது என்பதில் மட்டும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது.

(கையொப்பம்) ஆய்வாளர், துறைமுகக் காவல் நிலையம்