ஊற்று யாருடையது என்று எழுதிய தாள்

ஹலோ... ஹலோ, எவரார்தோவா? நான்தாண்டா, ஒத்திலியா அக்கா. பார்ராஸ்லேருந்து... ஆமா, ஆமா, புத்தகம் வந்துச்சு... ம், அட்டை நல்லாத்தான் இருக்கு. உன் படமும் பெருசா இருக்கு. 'கோவாஹுய்லாவின் ஆதி சரித்திரம், எங்கள் குடும்பக் காகிதங்களிலிருந்து'... நம்ம மாகாணத்துக்கே சரித்திரம், சரி, சரி. கொஞ்சம் இரு, நான் பேசிக்கறேன்.

புத்தகத்துல அந்த ஊத்துத் தாள் எங்கடா?

...எந்தத் தாளா? ஆயிரத்து எழுநூத்து மூணுல நம்ம கேப்டன் பாட்டன் எழுதிக் குடுத்தது. 'த்லாஸ்கலாவிலேருந்து கூட்டிவந்து குடியேத்தின சனங்களுக்கே ஊத்துத் தண்ணி சொந்தம், என் வம்சத்துக்கு அதுல பாத்தியதை இல்லை'ன்னு... என்னது? பூச்சி அரிச்சிருச்சா?

முப்பது வருசம் புகையிலை போட்டு, ஒவ்வொரு தாளா நிழல்ல உலத்தி வச்சவ நான். பனியில திராட்சைக் கொடி கருகின வருசம், அம்மையில செத்தவங்க பேரு, எல்லாம் புத்தகத்துல அப்படியே இருக்கு. பூச்சி அந்த ஒத்தத் தாளை மட்டும் தேடிப் பிடிச்சுத் தின்னுச்சாக்கும்! எழுத்துக் கூட்டிப் படிக்கிற பூச்சியா?

...நான் கத்தல... இல்ல, கத்தலன்னு சொல்றேன்ல.

திங்கக்கிழமை தண்ணி வழக்கு. அந்தச் சனங்களோட வாரிசு க்ரெசென்சியோ காலையில வந்துட்டுப் போனார். தொப்பியக் கையில வச்சுக்கிட்டு வாசப்படிலயே நின்னார். 'அந்தக் காகிதத்த ஒரு நாள் மட்டும் குடுங்கம்மா, நீதிபதிகிட்ட காட்டிட்டுத் திருப்பிக் கொண்டாந்துடறோம்'னார். உன் திராட்சைத் தோட்டத்துக்கு நீ வாய்க்காலத் திருப்பினதுலேருந்து அவங்க பொம்பளைங்க கழுதை மேல தண்ணி கொண்டாறாங்க... ம்... ம்... அவங்க பொழப்பு உனக்கெதுக்குன்னா, அப்புறம் அவங்க தண்ணி மட்டும் உனக்கெதுக்கு?

நேராச் சொல்லு. என்ன பண்ணின?

...

அடுப்புலயா?

...

பேசாத. ஒரு நிமிசம் பேசாத.

முந்நூறு வருசம்டா. புரட்சியில வீட்டக் கொளுத்துனப்போகூட நம்ம ஆளுங்க அந்தக் காகிதப் பெட்டியத்தான் முதல்ல தூக்கிக்கிட்டு ஓடினாங்க... என்னது, குடும்ப மானமா? பாட்டன் தன் கையால எழுதி, கீழ தன் பேரையும் போட்டான். அவனுக்கு வராத மானக்கேடு உனக்கு வந்துருச்சா?

...அக்கான்னு கூப்பிடாத. திங்கக்கிழமை நானே கோர்ட்டுக்குப் போறேன். அந்தத் தாளு எனக்கு வரிக்கு வரி பாடம். ஒப்பிப்பேன். யாரு எரிச்சதுன்னும் சொல்லுவேன்... நம்ப மாட்டாங்க. தெரியும். கிழவிக்குத் தம்பி மேல காட்டம்னு சொல்லுவாங்க. சொல்லட்டும்.

...என்ன கேட்ட? திருப்பிச் சொல்லு... படமா? அந்தத் தாளைப் படம் எடுத்து வச்சிருக்கேனான்னா?

...

இல்லடா. எடுக்கல. தம்பிதானே கேக்கறான்னு பெட்டியோட குடுத்தனுப்பிட்டேன்.

...அப்பாடான்னு மூச்சு விட்டியே, இங்க வரைக்கும் கேட்டுச்சு.

வை போனை... நீ வைக்க மாட்ட. நான் வைக்கறேன்.