இருநூற்றுப் பதின்மூன்றாவது பெட்டி

உங்கள் விசாரணை அறை மின்விசிறி கொஞ்சம் சத்தம் போடுகிறது. நிறுத்த வேண்டாம், எனக்கு விசிறிச் சத்தம் பழக்கம்தான். மருத்துவமனையின் தரைத்தளத்துக்கும் கீழே, நான் வேலை பார்க்கும் சர்வர் அறையில் இருநூற்றுப் பன்னிரண்டு சர்வர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஆறு விசிறி. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் முதல் அரை மணி நேரம் அம்மா பேசுவது எதுவும் என் காதில் விழாது. காரணம் காதுதான் என்று அம்மா இன்னமும் நம்புகிறாள்; நானும் திருத்தவில்லை.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

எங்கள் பிரிவில் இரண்டே பேர். நானும் அண்ணனும். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் அல்ல, எனக்கு இருபது வருடம் மூத்தவர். மருத்துவமனை முழுக்க அவருக்கு ‘அகராதி’ என்று பெயர். எந்த சர்வர் எந்த அடுக்கில் இருக்கிறது, யார் எப்போது வைத்தார்கள், எதற்கு எந்த விசிறி நொண்டுகிறது, எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. கேட்டால் இரண்டு நொடி கண்ணை மூடுவார், பதில் வந்துவிடும். நான் நேர்மாறு. தாளில் டிக் போடாதவரை எதையும் நம்பமாட்டேன். அதனால் எனக்கு ‘டிக்’ என்று பெயர் வைத்தார். ஒரே வாரத்தில் லிஃப்ட் இயக்குபவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

“அகராதி லீவு போட்டால் மருத்துவமனைக்கே ஞாபகமறதி வந்துவிடும்” என்பது எங்கள் இயக்குநர் அடிக்கடி சொல்லும் நகைச்சுவை. ஒருநாள் சிரித்து முடித்த பிறகு அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டு, மருத்துவமனையின் கணினி வலையில் இருக்கும் வன்பொருளைத் தானாகவே கண்டறிந்து பட்டியல் போடும் ஒரு மென்பொருள் சர்வீஸை நிறுவச் சொன்னார். நாங்கள் அதை ‘தேடி’ என்று கூப்பிட்டோம்.

தேடி என்ன செய்யும் என்பது எளிது. உள்ளே எதுவும் இல்லாத ஒரு வெற்று சர்வருக்கு மின்சாரம் கொடுத்தால், அது வலையில் முதலில் கேட்பது ஒரே கேள்வி: நான் யார், நான் என்ன செய்ய வேண்டும்? அதற்குத் தேடி பதில் சொல்லும். ஒரு சிறு நிரலை அதன் நினைவகத்துக்குள் அனுப்பும். அந்த நிரல் உள்ளே போய் எத்தனை செயலி, எவ்வளவு நினைவகம், எத்தனை வட்டு என்று எண்ணிவந்து சொல்லும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வராக இருந்தால், தேடி அதைத் தூரத்திலிருந்தே அணைத்து, எழுப்பி, அதே கேள்வியைக் கேட்க வைக்கும். இரவு பகல் பாராமல் ஒருவன் வீடு வீடாகப் போய்த் தலையெண்ணுவது போல. எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

நிறுவ ஒரு பகல் போதுமாக இருந்தது. கட்டமைக்கத்தான் மூன்று வாரம். எந்தக் கேபிளில் காது வைப்பது, எந்தக் கடவுச்சொல்லால் தட்டுவது, பட்டியலில் இல்லாத பெட்டி அகப்பட்டால் என்ன செய்வது. கடைசிக் கேள்விக்கு இரண்டு விடை உண்டு: ‘கேள்’ அல்லது ‘துடை’. கேள் என்றால் எங்களிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்கும். துடை என்றால் வட்டில் இருப்பதை முழுக்க அழித்துவிட்டு, அந்தப் பெட்டியைப் புதுப்பெட்டியாகப் பட்டியலில் சேர்க்கும். நான் ‘கேள்’ என்றுதான் வைத்தேன். நான் நிதானமான ஆள்.

அண்ணன் இதை எதிர்த்தார் என்று யாராவது சொல்லியிருந்தால் அது பொய். கேபிள் இழுத்ததே அவர்தான்.

“டேய் டிக், இது என் தலையை வெட்டி ரேக்குல வெக்கிற வேலைதானே?” என்றார்.

“தலை வேணாம்ணே. உள்ள இருக்கிறது போதும்.”

“அப்ப சரி. தலை எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும். வீட்டுக்காரி அடையாளம் கண்டுபிடிக்கணுமே.”

அவர் மனைவி அதே மருத்துவமனையில் நான்காவது மாடியில், நெடுநாள் நோயாளிகள் வார்டில் இருந்தார். பதினான்கு மாதமாக மூச்சு, இயந்திரம் வழியாகத்தான். முன்பு எங்கள் தொலைபேசி இணைப்பகத்தில் உட்கார்ந்திருந்தவர். உடம்பில் எதுவும் அசையாது. கண் மட்டும் அசையும். புத்தி துல்லியமாக இருந்தது. ஒருமுறை சிமிட்டினால் ஆமாம், இருமுறை என்றால் இல்லை, மூன்று முறை என்றால் சிரிக்கிறார் என்று அர்த்தம். அண்ணன் ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய், “இவன்தான் டிக். பாத்துக்கோ, உன்னையும் எண்ணிட்டுப் போயிருவான்” என்றார். அந்த அம்மா மூன்று முறை சிமிட்டினார். நான் அதையும் எண்ணினேன்.

தேடியை முதன்முதலாக ஓடவிட்ட காலையில் திரையில் வந்த எண்ணிக்கை இருநூற்றுப் பதின்மூன்று. பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு. அறியாத கருவி ஒன்று, சிவப்பு நிறத்தில்.

கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். கடைசி வரிசையில், அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால், கீழ்த்தட்டில் இருந்தது. நாங்கள் எப்போதோ கழித்துப்போட்ட பழைய சர்வர். சீட்டு எதுவும் ஒட்டவில்லை. அதிலிருந்து ஒரே ஒரு மெல்லிய கம்பி மேல்தளத்துக்கு ஏறிப் போயிற்று.

“அண்ணே, இது யாரு?”

முதல்முறையாக அவர் கண்ணை மூடவில்லை. “என்னுதுடா” என்றார்.

மூச்சு இயந்திரத்தின் குழாய் கழன்றாலோ அடைத்தாலோ வார்டு மேஜையில் ஓர் அலாரம் கத்தும். சாப்பாட்டு வண்டி, ஷிஃப்ட் மாற்றம், பார்வையாளர் கூட்டம், இவற்றுக்கு நடுவே அது சில சமயம் யார் காதிலும் விழாது. அதனால் அண்ணன் அந்தப் பழைய பெட்டியைப் பொறுக்கி எடுத்து, அந்த வார்டின் எல்லா மூச்சு இயந்திரங்களின் சமிக்ஞையையும் அதற்குள் வாங்கி, நடைபாதையில் ஒரு பெரிய மணியும் தன் கைப்பேசியில் ஒரு சத்தமும் எழும்பும்படி செய்திருந்தார். தான் உயிரோடு இருப்பதைச் சொல்ல அரை மணிக்கு ஒருமுறை அந்தப் பெட்டி அவர் பாக்கெட்டில் மெல்லச் சிணுங்கும். அனுமதி எதுவும் கிடையாது. கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

“பட்டியல்ல போட்டா கழட்டச் சொல்லுவாங்கடா. உன்னால முடிஞ்சா கண்டுக்காம விடு.”

விட்டேன். தேடியில் விதிவிலக்கு என்று ஒரு பகுதி உண்டு. அங்கே எழுதிய பெட்டியை அது தொடாது. அவர் முன்னாலேயே ஒரு வரி எழுதினேன். என் தோளைத் தட்டி, “உனக்குப் புண்ணியமாப் போகும்” என்றார். அன்று முழுக்க எனக்கு மனது லேசாக இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் முகப்புத் திரையில் சிவப்பு போய் மஞ்சள் வந்துவிட்டது. ‘விதிவிலக்கு: ஒன்று.’ அதை மறைக்க வழியில்லை. நான் தேடிப் பார்த்தேன். காலையில் திரையைத் திறந்தால் மஞ்சள். சாப்பிட்டுவிட்டு வந்தால் மஞ்சள். அடுத்த வாரம் இயக்குநர், வேறு இரண்டு மருத்துவமனைகளின் ஆட்களோடு பார்க்க வருவதாக இருந்தது. இந்த ஒன்று என்ன என்று கேட்பார். நான் உண்மையைச் சொன்னால் அண்ணனுக்கு ஆபத்து. பொய் சொன்னால் பட்டியலுக்கு ஆபத்து. என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் யோசித்திருப்பீர்கள்.

நான்காவது மாடிக்குப் போய் வார்டு சிஸ்டரிடம் கேட்டேன். “சிஸ்டர், அந்த நடைபாதை மணி இல்லாட்டி உங்களுக்கு என்ன ஆகும்?”

“ஐயையோ, அது மேல கை வெச்சிராதீங்க தம்பி. அது வந்த பிறகு மேஜை அலாரத்தைச் சத்தம் கொறச்சு வெச்சுட்டோம். யாராவது தும்மினாக்கூட அது கத்துது. மணி அடிச்சா மட்டும்தான் ஓடுறோம். அண்ணன் மணி பொய் சொல்லாது.”

“இதை எழுத்துல குடுக்க முடியுமா?”

“எந்தப் பெட்டின்னு எழுதறது? அதுக்குத்தான் நம்பரே இல்லையே.”

“நம்பர் பட்டியல்ல இருக்கிறதுக்குத்தான் தருவோம்.”

“அப்ப பட்டியல்ல சேருங்க.”

“எழுத்துல இருந்தாத்தான் சேர்க்க முடியும் சிஸ்டர்.”

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “சாப்பிட்டீங்களா தம்பி?” என்று கேட்டார்.

சோதனை செய்யாமல் நான் எதையும் செய்வதில்லை. அண்ணன் பாக்கெட் ஒருமுறை சிணுங்கி முடித்ததும், அடுத்ததற்கு அரை மணி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, பெட்டியின் கம்பியை ஐந்து நிமிடம் கழற்றினேன். மேலே போய், காலியாக இருந்த ஒரு கட்டிலின் இயந்திரத்தில் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். மணி அடிக்கவில்லை. மேஜை அலாரம் முனகியது; அருகில் இருந்த சிஸ்டர் ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. கீழே வந்து கம்பியை மாட்டினேன். ஆக, என்ன நடக்கும் என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

இயக்குநர் வந்தது காலை பதினொரு மணிக்கு. எல்லோரும் கைப்பேசியை வெளியே ஒரு தட்டில் வைத்துவிட்டு உள்ளே வரவேண்டும் என்று ஒரு விதி போட்டிருந்தேன். பெரியவர்கள் பேசும்போது யார் பாக்கெட்டிலும் பாட்டு வரக் கூடாது, அவ்வளவுதான். அண்ணன் தட்டின் அருகே கொஞ்சம் தயங்கினார். “அரை மணிதானே டிக்?” என்றார். “இருபது நிமிஷம்ணே” என்றேன். வைத்துவிட்டு வந்தார்.

பத்து ஐம்பத்தைந்துக்கே நான் தேடியின் அமைப்புக் கோப்பில் இரண்டு மாற்றம் செய்திருந்தேன். ‘கேள்’ என்பதை ‘துடை’ ஆக்கினேன். விதிவிலக்கில் இருந்த வரியை எடுத்தேன். இரண்டும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பதினொன்று பத்துக்கு எல்லோர் முன்னாலும் தேடியை ஓடவிட்டேன். கடைசி வரிசையில் ஒரு பெட்டி அணைந்து, மறுபடி எழுந்தது. விசிறிகள் ஒரேயடியாகச் சுழலும் அந்தச் சத்தத்தை அண்ணன் வேறு நாளாக இருந்தால் கண்டுபிடித்திருப்பார். அவர் அப்போது விருந்தினர்களிடம், “பையன் பிரமாதமாப் பண்ணியிருக்கான் சார், என் தலையில கூட இவ்வளவு சுத்தமா இல்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பதினொன்று பத்தொன்பதுக்குத் திரை முழுக்கப் பச்சையாயிற்று. அறியாத கருவி பூஜ்யம். விதிவிலக்கு பூஜ்யம். முதலில் கை தட்டியது அண்ணன்தான்.

அந்த அம்மாவின் குழாய் எப்போது கழன்றது என்று உங்கள் கையில் இருக்கும் காகிதம் சொல்கிறது: பதினொன்று பதினான்கு. பதினொன்று முப்பத்தொன்றுக்கு உடற்பயிற்சி கொடுப்பவர் அறைக்குள் போயிருக்கிறார். நடுவில் பதினேழு நிமிடம். அந்தக் குழாய் கழலும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியாது, அதை நான் கழற்றவும் இல்லை. என்றைக்காவது கழலும் என்பது மட்டும்தான் தெரியும்.

பிறகு நடந்தவற்றில் உங்களுக்குப் பயன்படுவது அதிகம் இல்லை. அந்தப் பெட்டி இன்னும் அங்கேயே இருக்கிறது. உள்ளே எதுவும் இல்லாததால் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்து எழுந்து வலையில் கேட்கிறது: நான் யார், நான் என்ன செய்ய வேண்டும்? தேடி ‘காத்திரு’ என்று பதில் சொல்கிறது. எழும்போதெல்லாம் விசிறிகள் ஒரு பெரிய மூச்சு இழுத்து, மெல்ல விடுகின்றன. ஒரு விரலால் அணைத்துவிடலாம். பலமுறை அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நான்கு நிமிடம் முடியப்போகும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், ஏன் என்று தெரியவில்லை. லிஃப்டில் ஆட்களை எண்ணினால் ஒன்று கூடுதலாக வருகிறது. மறுபடி எண்ணினாலும் கூடுதல்தான். போன வாரம் அம்மா, “ஏண்டா, இருக்கிறது நாம ரெண்டு பேரு, மூணு தட்டு எடுத்து வெச்சிருக்க?” என்று கேட்டாள். நான் தட்டுகளைப் பார்த்தேன். மூன்றாவது தட்டுக்கு நேரே தண்ணீரும் வைத்திருந்தேன்.

அண்ணன் வேலையை விட்டுவிட்டார். இதே நாற்காலியில் உட்கார்ந்து, தன் பெட்டிதான் கைவிட்டுவிட்டது, குற்றம் தன்னுடையது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். அப்போதுகூட நான் வரவில்லை. அவர் சொன்னதில் அவருக்கு ஏதோ ஆறுதல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

நேற்று உங்கள் அறிக்கையின் வரைவு எங்கள் இருவருக்கும் வந்தது. அதில் பெட்டி தானாகப் பழுதாகவில்லை என்று சரியாகவே எழுதியிருந்தீர்கள். ‘கண்டறியும் சர்வீஸ் தவறுதலாக அழித்துவிட்டது, நம்பகமற்றது, உடனே நீக்கப்பட வேண்டும்.’ மாலையில் அண்ணன் போன் செய்தார். குரல் அடையாளமே தெரியவில்லை.

“அந்தத் தேடியத் தூக்கிக் குப்பையில போட்டுருடா டிக். அதுதான் என் வீட்டுக்காரியக் கொன்னுருச்சு.” பிறகு, “உன் மேல எனக்குக் கோவம் இல்லடா. நீ எனக்காக அந்த வரியை எழுதினதை நான் கண்ணால பாத்தேன். மிஷின் செஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவ? சாப்பிடாம கிடக்காத, போய்ச் சாப்பிடு” என்றார்.

நான் சாப்பிட்டேன். பிறகு இரவு முழுக்க அவர் சொன்னதை யோசித்தேன். ஒருவர் மேல் அபாண்டமாகப் பழி விழுவதை நான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. அதனால்தான் காலையில் முதல் ஆளாக வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். விதிவிலக்கில் இருந்த வரியை எடுத்தது நான். ‘துடை’ என்று மாற்றியது நான். கைப்பேசித் தட்டை வைத்தது நான். மணி அடிக்காது, யாரும் திரும்பமாட்டார்கள் என்று சோதித்துப் பார்த்துவிட்டு, தெரிந்தே செய்தேன். அண்ணனிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் வீணாகத் தேடியைக் கரித்துக்கொட்டுகிறார். எழுதிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் செய்தது, அவ்வளவுதான். பாவம், அதற்கு என்ன தெரியும்.