நீலத்துக்கு மேல் ரோஜா நிறம்

நகத்தில் பவுடர் நிற்க வேண்டுமென்றால் முதலில் நகம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், மேடம். பாதிப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பசையைத் தடவி, விரலைப் பவுடர் டப்பாவில் முக்கி எடுத்து, கெட்டியாக்கும் திரவத்தைப் பூசினால் கல் மாதிரி ஆகிவிடும். சாதாரண நகப்பூச்சு போலத் துடைத்து எடுக்க முடியாது. ஆலங்குடியில் இதைப் போடுகிற பார்லர் என்னுடையது மட்டும்தான்.

என் தங்கை ஹரிணிக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. அம்மா அப்பா போன பிறகு அவள் என் வீட்டில்தான் இருந்தாள். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். நகமெல்லாம் நாவல்பழம் தின்ற நாக்கு போல நீலமாக இருக்கும், விரல் நுனி உருண்டிருக்கும். ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது, இவள் பிள்ளை பெறக்கூடாது என்று திருச்சி டாக்டர் சொல்லியிருந்தார். கல்யாணம் செய்யக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அன்னவாசலிலிருந்து மாப்பிள்ளை குணசேகரன் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். பூ வைக்கிற சாக்கில் பெண்ணின் கையைப் பிடித்துப் பார்ப்பார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அவருடைய அத்தை அமுதவல்லி நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதனால் முந்தின நாளே ஹரிணியின் எல்லா விரலுக்கும் ரோஜா நிறம் போட்டேன். நகத்தை நீட்டி விட்டதில் உருண்ட நுனியும் தெரியவில்லை.

"கை நல்லா லட்சணமா இருக்கு" என்றார் அத்தை. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இப்போது சொல்லக் கூசுகிறது.

மாப்பிள்ளையிடம் பக்குவமாக நானே சொல்லிக்கொள்கிறேன், நீ வாய் திறக்காதே என்று ஹரிணியிடம் சொல்லியிருந்தேன். ஆனால் நான் சொல்லவே இல்லை. அவளுக்கும் ஒரு வாழ்க்கை அமையட்டும் என்றுதான் எல்லாரிடமும் பேசினேன். கடைசிவரை என் தலையில் இருந்துவிடுவாளோ என்ற பயமும் எனக்கு இருந்தது. தங்கையைப் பற்றி அப்படி நினைத்தவள்தான் நான்.

கல்யாணத்துக்குப் பிறகும் நகம் வளர வளர அடியில் நீலம் தெரியும். அதற்காக அவ்வப்போது அன்னவாசலிலிருந்து பஸ் ஏறி வருவாள். உதட்டுக்கும் சாயம் பூசி அனுப்புவேன்.

பிள்ளை உண்டானது. மூச்சு வாங்கினால், மாசமாக இருப்பவளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று அந்த வீட்டில் சொன்னார்கள். நானும் ஆமாம் போட்டேன். செக்கப்புக்கு நான்தான் கூடப் போனேன். ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டுகிற கிளிப் மெஷின் சரியாகக் காட்டவில்லை. அடுத்த முறை நகப்பூச்சை எடுத்துவிட்டு வரச் சொன்னார் அங்கிருந்த நர்ஸ். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஹரிணி தனியாகக் கடைக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"அக்கா, இத எடுத்து விட்ரு. டாக்டர் பாக்கட்டும். எனக்குப் பண்ற கஷ்டம் எனக்குல்ல தெரியும்."

எடுப்பது சுலபம்தான். அசிட்டோனில் பஞ்சை நனைத்து, விரலில் வைத்துச் சுற்றினால் ஊறிக் கழன்றுவிடும். அந்த நெடி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று சொன்னேன். அப்போதுதான் வாயில் வந்த பொய் அது. அடியில் வளர்ந்திருந்த நீலத்தின் மேல் அரத்தால் ராவி, பசை தடவி, ஒவ்வொரு விரலாக மறுபடி டப்பாவில் முக்கி எடுத்தேன். விரல்கள் சில்லென்று இருந்தன.

ஏழாம் மாதம் சமையலறையில் விழுந்தாள். புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். இதயக் கோளாறு ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டபோது, குணசேகரன் என்னைப் பார்த்தார். அப்படி எதுவும் இல்லை என்றேன். விடிவதற்குள் அவளும் போய்விட்டாள், குழந்தையும் தங்கவில்லை.

குளிப்பாட்டுவதற்கு முன் கையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மற்றவர்களை வெளியே அனுப்பினேன். இறந்து போனவர்களுக்கு எல்லாருக்குமே நகம் நீலமாகிவிடும், மேடம். இனி யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அசிட்டோனைப் பஞ்சில் நனைத்து, ஒரு விரல் விடாமல் பொறுமையாகச் சுற்றி, ரோஜா நிறத்தை முழுக்கக் கழற்றினேன். தங்கை வாய்விட்டுக் கேட்டதை நான் செய்யாமல் விடவில்லை.