இயல்பாகக் கேள்விப்பட வேண்டியவர்கள்

— இன்னொரு தடவை மெதுவாப் படிங்க தம்பி. இந்தக் கோர்ட்டுத் தமிழ் எனக்குப் பாதிதான் ஏறுது.

— “உயிரோடிருந்தால் அவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள், ஏழு ஆண்டுகளாக எதுவும் கேள்விப்படாததால், அவர் இறந்ததாக அனுமானிக்க வேண்டும்.” அண்ணன் போய் எட்டு வருஷம் ஆச்சு அண்ணி. காலம் சரியாத்தான் இருக்கு.

— அனுமானம்னா? ஊகமா?

— ஊகம் இல்ல. ஆள் உயிரோட இருக்காருன்னு யாராவது காட்டுற வரைக்கும் கோர்ட்டு அப்படியே எடுத்துக்கும். சாயங்கால சட்டக் கிளாஸ் நோட்டுல இப்படித்தான் எழுதியிருக்கேன். எதுக்கும் வாத்தியார்கிட்ட ஒரு தடவை கேட்டுடறேன்.

— நாளைக்குப் பொண்ணு பார்க்கப் போனாலும் வாத்தியார்கிட்டக் கேட்டுட்டு வரேன்னுதான் சொல்லுவீங்க.

— கிண்டல் பண்ணாதீங்க. ஒரு சொல் தப்பாப் போனா மனுவே போச்சு.

— சரி, இயல்பாக் கேள்விப்பட வேண்டியவங்கன்னா யாரு?

— பெண்டாட்டி. அம்மா இருந்திருந்தா அம்மா. அப்புறம், கூடப்பிறந்தவன்.

— அப்போ நானும் நீங்களும். நான் போட்டுட்டேன். உங்க கையெழுத்து எங்க?

— மை சரியா வரல.

— இந்தாங்க, பாப்பா பேனா. ஸ்கூல் படிவத்துல ‘தந்தை காலமானார்’னு எழுதினா அதுக்கு ஆதாரம் கேக்குறாங்க. மனு போட்டதையாவது திங்கக்கிழமை காட்டணும். போடுங்க.

— அண்ணி, பிரமாண வாக்குமூலம்னா சட்டத்துல என்னன்னு...

— பேனாவைப் பிடிச்சுக்கிட்டுப் பாடம் நடத்தாதீங்க. என்ன விஷயம்?

— என்னால போட முடியாது அண்ணி. மூணு வருஷத்துக்கு முன்னாடி அண்ணன் என் கிளாஸ் வாசல்ல வந்து நின்னாரு. உங்ககிட்டச் சொன்னா இனி என்னையும் பார்க்க வரமாட்டேன்னாரு. இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு நானும்...

— பாப்பாவைக் கேட்டாரா?

— எத்தனாவது படிக்கிறான்னு கேட்டாரு.

— என்னை?

— மனுவை மாத்திடலாம் அண்ணி. பெண்டாட்டியைக் கைவிட்டுப் போறதுக்குச் சட்டத்துல தனிப் பிரிவே இருக்கு. உள்ளதை எழுதினா அதுக்கும் வழி இருக்கு.

— வேண்டாம். அவ செத்துப்போனவர் பொண்ணாவே இருக்கட்டும். வேண்டாம்னு விட்டுட்டுப் போனவர் பொண்ணா இருக்க வேண்டாம்.

— நீங்க தெரியாமப் போட்டீங்க. நான் தெரிஞ்சு போடணுமே அண்ணி.

— நானும் தெரிஞ்சுதான் போட்டேன். போன மாசம் விசாரிச்சு, பஸ் ஏறிப் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு சின்னப் பொண்ணு திறந்தா. ‘அப்பா தூங்குறாரு, எழுப்பட்டுமா’ன்னு கேட்டா. வேண்டாம்மா, தூங்கட்டும்னு சொல்லிட்டு வந்துட்டேன்.