மாதாவுக்கும் கரி

தவக்காலத்தின் ஐந்தாம் வாரம், செவ்வாய்க்கிழமை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் கத்தோலிக்கக் கோயில் உபதேசியார் ஒருவரும் அவர் மனைவியின் தம்பியும் இருந்தார்கள். யேசு சிலுவையில் சாகும் பெரிய வெள்ளி நாடகத்துக்கு வாடகை உடை எடுக்கப் போகிறார்கள்.

“மாதாவுக்கும் கரி பூசுங்க மாமா. அப்பதான் நான் மூஞ்சில பூசிக்குவேன்,” என்றார் தம்பி.

பாதிப் பேருந்து திரும்பிப் பார்த்தது.

“வாயக் கழுவுடா. யூதனா நடிக்கறவங்களுக்குத்தான் கரி. எப்பவும் அப்படித்தான்.”

“மாதா என்ன நெல்லிக்குப்பத்துலயா பொறந்தாங்க? அவுங்களும் யூதப் பொண்ணுதான். யேசுவும் யூதர்தான்.”

“அது வேற மச்சான். யூதங்க அவர ஏத்துக்கல. அதனால கடவுள் அவுங்கள ஒதுக்கிட்டு, அந்த எடத்துல நம்ம சபைய வெச்சாரு.”

அப்படிப் போதிக்கக் கூடாதென்று ரோமாபுரியின் திருச்சபைத் தலைமையே சொன்னது 1965இல்.

“இதையேதான போன வருஷம் மைக்குல சொன்னீங்க? கடவுள் கைவிட்ட சனம்னு, யூதன் வேஷத்துல நின்ன என்னக் காட்டி? ஈஸ்டர் முடிஞ்சும் கோயில் புள்ளைங்க எம்பொண்ண யூதன் பொண்ணுன்னு வெளையாட்டுல சேக்கல. கடவுள் நம்மள உட்டுட்டாராப்பான்னு கேக்குது.”

“புள்ளைங்க பேச்சு அது…”

“உங்க பேச்சு மாமா! அவுங்களுக்குக் குடுத்த வாக்கயே கடவுள் தூக்கிப் போட்டாருன்னா, எம்பொண்ணுக்கு ஞானஸ்நானத்துல குடுத்த வாக்கு மட்டும் நிக்குமா?”

உபதேசியார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சரி, பங்குச் சாமியார்கிட்ட கேட்டுப் பாக்கறேன்.”

“சாமியார்கிட்ட அப்பறம் கேளுங்க. மொதல்ல எம்பொண்ணுகிட்ட வந்து, நான் சொன்னது தப்புன்னு சொல்லுங்க.”