வண்டியைக் கூரைக்கடியில் நிறுத்தவும்

இவ்வளவு பெரிய காவல் நிலைய வளாகத்தில் ஒரு தகரக் கூரை போட உங்களுக்குத் தோன்றவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது, ஐயா. உள்ளே வரும்போது பார்த்தேன். விபத்தில் சிக்கிய வண்டிகள் எல்லாம் வேலியோரமாக வெயிலிலும் மழையிலும் கேட்பாரற்று நிற்கின்றன. ஒன்றிரண்டில் பெட்ரோல் டேங்க் மூடியே இல்லை. நான் வந்தது அது விஷயமாகத்தான். என் மோட்டார் சைக்கிள் இன்று இங்கே வந்து சேரும் என்று நினைக்கிறேன். அதை மட்டும் உங்கள் ஜீப் நிற்கிற ஷெட்டில் நிறுத்த முடியுமா என்று கேட்டுவிட்டுப் போகலாமென்று வந்தேன்.

"உங்க வண்டி எதுக்கு இங்க வரணும்?" என்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆற அமரச் சொல்கிறேன். நடுவில் எழுந்திருக்காமல் கேட்டால் இருவருக்குமே நேரம் மிச்சமாகும்.

முதலில் என்னைப் பற்றி. குளிர்பானத் தொழிற்சாலையில் நான் மூடி பரிசோதகன். பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து வரும். மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ஓரத்தில் கசிகிறதா என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். பார்க்கிற வேலைதானே என்று சிலர் இளப்பமாகப் பேசுவார்கள். பேசட்டும். கசிகிற மூடி ஒன்றுகூட என் கண்ணுக்குத் தப்பிப் போனதில்லை. வேலையில் மட்டுமல்ல, வீட்டிலும் நான் அப்படித்தான். என் வண்டியைத் தினமும் காலையில் ரப்பர் பைப் வைத்து மேலிருந்து கீழ்வரை கழுவுவேன். தெருவில் எல்லாரும் வாரத்துக்கு ஒரு தடவை ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. அவர்கள் வண்டியும் அப்படித்தான் இருக்கும், முகமும் அப்படித்தான் இருக்கும்.

இந்த ஒழுங்கான வாழ்க்கைக்குள் வந்து சேர்ந்தவன் என் மச்சினன். மனைவியின் தம்பி. கல்யாணங்களுக்குப் புகைப்படம் எடுப்பவன். வேறு வீடு பார்க்கிற வரைக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்தான். வீடு பார்த்ததாகத் தெரியவில்லை. தாயில்லாத பிள்ளையைத் தானே வளர்த்ததாக என் மனைவி அடிக்கடி சொல்வாள். வளர்த்தவள் மற்றவர்கள் பொருளைத் தொடாதே என்று ஒரு வார்த்தை சொல்லி வளர்த்திருக்கலாம். கெட்டவன் இல்லை. கலகலப்பானவன். அவன் சாப்பிட உட்கார்ந்தால் என் மனைவி சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடிப்பாள். என்னோடு சாப்பிடும்போது அவளுக்குத் தாகம் எடுத்து நான் பார்த்ததில்லை.

அவன் என் வண்டியை எடுத்துப் போவான். எடுக்கட்டும், நான் கஞ்சன் இல்லை. ஆனால் திரும்பக் கொண்டுவந்து விடும்போது டேங்க்கில் பெட்ரோல் இருக்காது. ரிசர்வும் தீர்ந்து, தெருமுனையிலிருந்து உருட்டிக்கொண்டு வருவான். கேட்டால் ஒரே பதில்தான்.

"அதனால என்ன மாமா? வீடு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துடுச்சு பாருங்க. நல்ல வண்டி."

அதனால் என்ன என்பதை நான் அவனுக்குத் தொண்டைத்தண்ணீர் வற்ற விளக்கியிருக்கிறேன். டேங்க் காலியாக இருந்தால் உள்ளே காற்று நிற்கும். காற்றில் ஈரம் இருக்கும். ஈரம் தகரத்தைத் தின்னும். அவன் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, அடுத்த நாளும் உருட்டிக்கொண்டே வருவான்.

ஒருநாள் வண்டி நடுரோட்டில் இருமி இருமி நின்றுபோனது. மூலைக்கடை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் டேங்க்கைக் கழற்றிக் கவிழ்த்தார். தேநீர் வடிகட்டியபின் மிஞ்சுகிற சக்கைபோலத் துரு கொட்டியது. என் கண் கலங்கிவிட்டது, ஐயா. சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

"கழுவிப் பிரயோஜனமில்ல சார். அடில பொத்துக்கப் போகுது. வேற டேங்க்தான் போடணும்," என்றார் மெக்கானிக். பிறகு மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தினமும் தண்ணி அடிச்சுக் கழுவுவீங்களா?"

"தினமும்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"இதுல ரப்பர் காஞ்சு வெடிச்சிருக்கு பாருங்க. மேல அடிக்கிற தண்ணி நேரா உள்ளதான் இறங்கும்."

மூடியைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறார். சிரித்துக்கொண்டேன். கடை வைத்திருப்பவர் நாலு சாமான் விற்றாகத்தானே வேண்டும். துருவுக்கு யார் காரணம் என்று எனக்குத் தெரியாதா?

அப்போதும் நான் பழிவாங்க நினைக்கவில்லை. தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மனிதனைத் திருத்த முடியாவிட்டால் டேங்க்கைத் திருத்தலாம் என்று யோசித்தேன். அவனால் காலி செய்யவே முடியாத அளவுக்குப் பெரிய டேங்க்காக ஒன்று போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. என் யோசனையைக் கேட்டு மச்சினன் குதித்தான். பழைய சாமான் கடைகளில் அலைந்து அவனே ஒன்றைத் தேடிப் பிடித்தான். பஸ்ஸில் மடியில் வைத்துக் குழந்தையைக் கொண்டு வருவதுபோல அதைக் கொண்டுவந்தான். நீளமாக, தோள் பக்கம் அகலமாக, உள்ளே பளபளவென்று இருந்தது. அவனைப் பற்றி நான் நல்லவிதமாகச் சொல்லக்கூடிய ஒரு காரியம் அது.

மாட்டுவதற்கு மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொன்னேன். மூடி மட்டும் என் பழைய மூடியே இருக்கட்டும் என்றேன். வண்டிக்கும் மூடிக்கும் ஒரே சாவி, கைக்குப் பழகியது. மெக்கானிக் மறுபடியும் ரப்பர் புராணத்தை ஆரம்பித்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெரிய டேங்க்கில் ஒரு சிக்கல் இருந்தது. ஹேண்டில்பாரிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ஆக்சிலேட்டர் கேபிள் டேங்க்கின் தோளை ஒட்டிப் போகும். பழைய டேங்க் ஒல்லி, கேபிளுக்கு இடம் இருந்தது. புதியது அகலம். ஹேண்டில்பாரை இடதுபக்கம் முழுக்க ஒடித்தால் கேபிள் டேங்க்கில் மாட்டி இழுபடும். நாம் திருகாமலே எஞ்சின் சீறும். மச்சினன் உட்கார்ந்து ஒடித்துப் பார்த்தான். நின்ற இடத்திலேயே வண்டி அலறியது.

"மாமா, வண்டி பாடுது," என்று அவன் சிரித்தான்.

"பாடாது தம்பி, ஆளைத் தூக்கி அடிக்கும்," என்றார் மெக்கானிக். கேபிளை மறுபக்கமாகச் சுற்றி விட்டு ஒரு கிளிப் போட்டு இறுக்கினார். மச்சினன்தான் அதைப் பிடித்துக்கொண்டான். ஒடித்துப் பார்த்தோம், சத்தமில்லை. எல்லாரும் தேநீர் குடித்தோம். நான் கெட்டவனாக இருந்தால் அன்றைக்கே அந்தக் கிளிப்பை மறந்திருப்பேன் அல்லவா?

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். டேங்க் பெரிதானதும் அவன் போகிற தூரமும் பெரிதானது. கடற்கரை, அணைக்கட்டு, பக்கத்து ஊர், அதற்கும் பக்கத்து ஊர். ஒருநாள் மாலை, மழை பிடித்துக்கொண்ட நேரம், அவன் தெருமுனையிலிருந்து வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். நான் மூடியைத் திறந்து பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

"ரொம்ப தூரம் போகுது மாமா. எல்லாம் உங்க புண்ணியம்," என்றான் பல்லைக் காட்டிக்கொண்டு.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட்டு எந்தக் காரியத்தையும் நான் செய்வதில்லை. மழைக்கு ஒதுங்கி உள்ளே போய், தலையைத் துவட்டிக்கொண்டு, அவனை இனிமேல் வைத்துக்கொள்ள முடியாது என்று முடிவு செய்தேன்.

அந்த வாரமே மலை மேல் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போனான். அந்தப் பாதை உங்களுக்குத் தெரியும். கொண்டை ஊசி வளைவுகள். ஹேண்டிலை முழுக்க ஒடித்தால்தான் திரும்ப முடியும். காலையில் அவன் உள்ளே கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் வாசலில் கிளிப்பைக் கழற்றினேன். கேபிளைப் பழைய பக்கத்துக்கே மாற்றினேன். ஒரு வார்த்தை கவனியுங்கள், ஐயா: அது வண்டி செய்த கம்பெனிக்காரன் வைத்த இடம். இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டியதை வைத்தேன். அதற்கு என்ன பிரிவில் வழக்குப் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

டேங்க்கையும் என் கையாலேயே நிரப்பி வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"நீங்களே பெட்ரோல் போட்டு வச்சிருக்கீங்களா? மாமா மனசுல ஒண்ணும் இல்லன்னு அக்காகிட்ட சொல்லிட்டேதான் இருக்கேன்," என்றான்.

"பாத்துப் போ," என்றேன். அதைச் சொல்லாமல் அனுப்பவில்லை.

வளைவில் வண்டி தடுப்புச் சுவரில் மோதிச் சாலையிலேயே விழுந்தது. அவன் சுவரைத் தாண்டிப் போய்விட்டான். டேங்க்கில் ஒரு நசுங்கல்கூட இல்லை. உங்களுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த அதிகாரி என் தோளைத் தட்டி, "இந்த வயசுப் பசங்களுக்கு வேகம்தான் எமன்," என்றார். பெரியவர் சொல்லும்போது மறுத்துப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அவர் வண்டியை இதே வேலியோரம் மழையில் போட்டு வைத்தார். அதைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வண்டி திரும்பி வந்ததும் டேங்க்கைக் கழற்றி, உள்ளே விளக்கு அடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. கேபிளை மறுபக்கம் மாற்றிக் கிளிப்பைப் போட்டேன். இனி நிம்மதி என்று நினைத்தேன். வீடு அமைதியாகிவிட்டது. என் மனைவி தம்பியின் சட்டைகளை எடுத்து மடிப்பாள், பிரிப்பாள், திரும்ப மடிப்பாள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் டேங்க் எப்போதும் கழுத்துவரை நிரம்பி இருந்தது. தினமும் இரண்டு பங்கு தண்ணீர் விட்டுக் கழுவினேன்.

போன வாரம் வண்டி மறுபடியும் இருமியது.

மெக்கானிக் வடிகட்டியைக் கழற்றிக் கையில் கொட்டினார். அதே துரு. அவரும் அதே பாட்டைப் பாடினார். "மூடிய மாத்துங்க சார், எத்தனை தடவ சொல்றது?" என்றார். வயதானால் சிலருக்கு ஒரே விஷயம் தலையில் சுற்றிக்கொண்டிருக்கும், பாவம். நான் வீட்டுக்கு வந்து நிதானமாக யோசித்தேன். செத்துப்போனவன் மேல் பழி போடுகிற அளவுக்கு நான் நியாயம் கெட்டவன் அல்ல. அவன் இல்லாமலும் துரு வருகிறது என்றால் வேறு யாரோ வண்டியைத் தொடுகிறார்கள். சாவி இருப்பது என்னிடமும் என் மனைவியிடமும்தான். அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவள் தம்பி.

"நான் வேலைக்குப் போனப்புறம் வண்டிய எடுக்கறியா?" என்று கேட்டேன்.

"எப்பவாவது கடைக்கு எடுப்பேன். அதனால என்ன?" என்றாள்.

அதனால என்ன. அதே குரல், அதே இழுப்பு. ஒரே குடும்பம் அல்லவா. கல்யாணம் ஆனதிலிருந்து அவளோடு ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று ஒரு நிமிடம் ஆடிப்போனேன்.

நேற்று அவளே வந்து கேட்டாள். "என்னங்க, நாளைக்கு வண்டிய எடுத்துக்கட்டுமா? தம்பி விழுந்த எடத்த நான் இன்னும் பாக்கவே இல்ல. ஒரு தடவ போய்ட்டு வந்துடறேன். நீங்க வர வேண்டாம். அவன்கூடத் தனியா கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரணும்."

கேட்டபோது அவள் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் அப்படிச் செய்வாள். நான் முடியாது என்று சொல்லவில்லை. அவள் ஆசைப்பட்டு எதையாவது கேட்டு நான் மறுத்ததே கிடையாது. அவளையே கேட்டுப் பாருங்கள்.

போனைக் கீழே வையுங்கள், ஐயா. ஓட்டும்போது அவள் போன் எடுக்க மாட்டாள். அந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பானவள். ஜீப்பை அனுப்புவதானால் அனுப்புங்கள், ஷெட் காலியாகும். ஆனால் இந்நேரம் அவள் முதல் வளைவுக்குப் போயிருப்பாள். ஆமாம், கேபிள் கம்பெனிக்காரன் வைத்த இடத்தில்தான் இருக்கிறது. கிளிப் இதோ என் சட்டைப்பையில். மேஜைமேல் வைக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வந்ததும் மறுபடி தேவைப்படும்.

என் பங்குக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பினேன். அவள் கிளம்புமுன், எப்போதும்போல மூடியிலிருந்து தொடங்கி, பைப்பை முழுசாகத் திறந்துவிட்டு, வண்டியை நன்றாகக் கழுவியும் கொடுத்தேன். இதற்கு மேலும் அந்த டேங்க்கில் துரு பிடித்தால், ஐயா, நான் உங்களைத்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கும்.